பெற்றவர் கையொப்பம்

பள்ளியில் படிக்கும் அத்தனை பிள்ளைகளையும் பெற்றவர் ஒரே ஆளாக இருந்தார்.

எழுத்தர் தாள் கட்டை மறுபடியும் புரட்டினார். ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஒவ்வொரு துண்டுத் தாளிலும் 'பெற்றவர் கையொப்பம்' என்று அச்சடித்திருந்த இடத்தில் ஒரே கையெழுத்து. கோழி கிளறியது போலத்தான் இருந்தது. ஆனால் எல்லாவற்றையும் கிளறியது ஒரே கோழி.

"என்னய்யா இது?"

"கையெழுத்து சார்" என்றார் பியூன். "ஒண்ணுகூட விடல. குறைஞ்சா கொன்னுடுவேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யாரோட கையெழுத்து?"

"முக்குல மளிகைக்கடை வச்சிருக்கே, அந்த அக்காவோடது. எல்லா வீட்டுக்கும் உப்பு அங்கேருந்துதான் போகுது. வீடு வீடா நான் ஏறி இறங்கறதுக்கு, மொத்தமா அங்க குடுத்துட்டா உப்போட சேர்ந்து போயிடும்ல?"

"சரி, கையெழுத்து ஏன் அவங்க போட்டாங்க? இத்தனை பிள்ளையையும் அவங்களா பெத்தாங்க?"

பியூன் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். "பெற்றவர்னுதானே சார் போட்டிருக்கு? கட்டைக் கையில பெற்றவங்க அவங்கதான். எண்ணிப் பாத்துத்தான் பெத்துக்கிட்டாங்க."

எழுத்தர் பேனாவின் தலையைத் தட்டித் தட்டிக் கொண்டிருந்தார். தப்பு அவருடையதுதான். 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்று போட்டால் தாளின் ஓரத்தில் இடம் போதவில்லை. சுருக்கமாக இருக்கட்டுமே என்று 'பெற்றவர்' என்று போட்டார். இப்போது மானம் சுருங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அரசுப் பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் அவர்களுடைய சட்டப்படியான உரிமைகளைத் தெரிவிக்க வேண்டும் என்று கல்வி அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. உரிமைகளை அச்சடித்த தாளை அவர்கள் வைத்துக்கொண்டு, அடித்துண்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வந்து சோதிப்பார். எழுத்தரின் வேலை தற்காலிகம். அதிகாரி வாய் திறந்து நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் நிரந்தரம். இல்லாவிட்டால் மேஜையைத் துடைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

உத்தரவு வந்த அன்றே தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, கொள்கை விளக்கம் கொடுத்திருந்தார்.

"நல்லா கேட்டுக்குங்க. அவங்களுக்குத் தெரிவிக்கணும். ஆனா அவங்களுக்குத் தெரியக் கூடாது. புரிஞ்சுதா?"

"புரிஞ்ச மாதிரியும் இருக்கு, புரியாத மாதிரியும் இருக்கு டீச்சர்."

"அப்படித்தான் அவங்களுக்கும் இருக்கணும்."

"தாளைப் பிள்ளைங்க கையில குடுத்து அனுப்பிடட்டுமா?"

"ஐயையோ, பிள்ளைங்க படிச்சுடுமே!"

பள்ளிக்கூடத்தில் அந்த ஆபத்து எப்போதும் உண்டு என்பதால்தான் பியூனை அனுப்பினார்கள்.

*

மறுநாள் காலை எழுத்தர் நாற்காலியை இழுத்து உட்காருவதற்கு முன்பே எதிரில் கடைக்காரம்மா நின்றார். காதில் பென்சில், இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்குள் நுழையும்போது இருக்கும் ஒரு சிரிப்பு.

"வணக்கம் தம்பி. சரக்கு பாக்க வந்தேன்."

"என்ன சரக்கு?"

"உரிமை. கையெழுத்துப் போட்டு வாங்கினேனே."

"அது உங்களுக்கு இல்லக்கா."

"கையெழுத்து யாரோடது?"

"உங்களோடது."

"அப்ப சரக்கு யாரோடது?"

எழுத்தர் எழுந்தார். ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "அக்கா, அது பிள்ளையைப் பெத்தவங்களுக்கு."

"நான் மட்டும் என்ன, காத்தையா பெத்தேன்? என் பையன் ஏழாவது படிக்கிறான். கணக்குல சுழி."

எழுத்தருக்கு மூச்சு வந்தது. "அதைச் சொல்லுங்க முதல்ல! அப்ப உங்க பையனுக்கு உள்ள தாளை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"மொத்தமா வாங்கினதைச் சில்லறையா திருப்புற பழக்கம் நம்ம கடையில இல்ல தம்பி."

வாசலில் நின்ற பியூன் தொண்டையைச் செருமினார். "சார், அந்த அக்கா பையன் வந்து..."

"நீ பேசாத! நீ பண்ணின வேலைதான் இவ்வளவும்."

பியூன் வாசலுக்கு வெளியே நகர்ந்துகொண்டார்.

கடைக்காரம்மா தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். "விடைத்தாளைப் பாக்கலாம்னு போட்டிருக்கு. வகுப்புல உக்காந்து பாடம் நடத்துறதைப் பாக்கலாம்னு போட்டிருக்கு. கேள்வி கேட்டா பதில் சொல்லணும்னு போட்டிருக்கு. இதெல்லாம் இருப்புல இருக்கா, இல்ல போர்டு மட்டும்தானா?"

"ஒண்ணு தரேன்" என்றார் எழுத்தர், தலைமையாசிரியை வந்துவிடுவாரோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே. "விடைத்தாள் மட்டும்."

"மூணு சொன்னேன்."

"ஒண்ணரை. விடைத்தாள் பாருங்க, வகுப்பு வாசல்ல நில்லுங்க."

"கால் வலிக்கும். உள்ள உக்காந்துக்கறேன். கேள்வி கேக்கறதைப் பேரத்துல விட்டுடறேன்."

பேரம் படிந்தது. ஏழாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், இன்று ஒருநாள் மட்டும்.

"கணக்குத் தாள் எடுத்துத் தரேன். உங்க பையன் பேரு?"

"எவனோட தாளா இருந்தா என்ன? நல்லாப் போட்டவனோடதா ஒண்ணு குடுங்க. கணக்கு கணக்குதானே."

பரவாயில்லை, பெருந்தன்மையான பெண்மணிதான் என்று எழுத்தர் நினைத்துக்கொண்டார்.

மத்தியானம் கணக்கு வாத்தியார் அலுவலகத்துக்குள் புயலாக வந்தார். "யாரய்யா அந்தம்மாவை உள்ள விட்டது? ஒரு கணக்கு! ஒரே ஒரு கணக்கு, பீரியட் பூரா! 'இன்னொரு தரம் சொல்லுங்க, இன்னொரு தரம் சொல்லுங்க'ன்னு உயிரை வாங்கிட்டாங்க."

"கேள்வி கேக்க மாட்டேன்னு சொன்னாங்களே!"

"அது கேள்வி இல்லையாம், வேண்டுகோளாம். அவங்களைப் பாத்து இப்ப பசங்களும் வேண்டிக்க ஆரம்பிச்சுட்டானுங்க."

மூன்று மணி அடித்ததும் கடைக்காரம்மா நோட்டை மடக்கிக்கொண்டு அலுவலக வாசலில் தலையை நீட்டினார். "வரேன் தம்பி. வேன் வந்துடும். நாளைக்கு வரேன்."

கடைக்குச் சரக்கு வேன் வரும் போலிருக்கிறது என்று எழுத்தர் நினைத்தார். 'நாளைக்கு வரேன்' என்பதைத்தான் அவரால் நினைக்க முடியவில்லை.

*

எழுத்தரின் வீட்டில் எல்லாமே நிரந்தரத்துக்காகக் காத்திருந்தது. அலமாரிக் கதவு கீல் கழன்று தொங்கியது, நிரந்தரமானதும் மாற்றலாம். குழாய் ஒழுகியது, நிரந்தரமானதும் அடைக்கலாம். குழந்தைகூட நிரந்தரமானதும்தான் என்று முடிவாகியிருந்தது.

"மளிகைக்கடைக்காரங்க ஒரே நாள்ல ஊர்ப் பிள்ளை எல்லாத்தையும் பெத்துட்டாங்க" என்றாள் மனைவி, குழாய்க்கு அடியில் வாளியை நகர்த்தியபடி. "நாம ஒண்ணுக்கு வழியைக் காணோம்."

"கிண்டல் பண்ணாத. ஒரு வார்த்தை சொல்லு. வாங்கினவங்கன்னு அர்த்தம் வரவே கூடாது."

"'பெற்றெடுத்தவர்'னு போடுங்க. கடைச் சரக்கை எவரும் பெற்றெடுத்தேன்னு சொல்ல முடியாதுல்ல?"

எழுத்தருக்கு அவளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போலிருந்தது. வாளி தடுத்தது.

விடிந்ததும் புதுத் தாள் அச்சடித்தார். பியூனை நம்பிக் கெட்டது போதும் என்று, தலைமையாசிரியைக்குச் சொல்லாமல் பிள்ளைகள் கையிலேயே கொடுத்து, பக்கத்திலேதானே வீடு, ஓடிப்போய்க் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று அனுப்பினார். பிள்ளைகள் படித்துவிட்டன. வீட்டில் போய் உரக்கவும் படித்தன.

இடைவேளை மணி அடிப்பதற்குள் வாசலில் அப்பாக்கள் கூட்டம். முன்னால் ஒரு லாரி டிரைவர், கையில் தாள்.

"சார், இதுல என்ன போட்டிருக்கு? 'பெற்றெடுத்தவருக்கு'த்தான் உரிமையா?"

"ஆமா... அதாவது..."

"பெத்தெடுத்தது என் சம்சாரம். அப்ப நான் யாரு? பஸ்ஸுல கூட வந்தவனா?"

"உங்களை விட்டுட்டுப் போடணும்னு இல்லைங்க..."

"அப்பன்னு ஒருத்தன் இருக்கான்னு ஒரு ஓரத்துலயாவது போட வேணாமா? நாங்க என்ன வேடிக்கையா பாத்தோம்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். லாரி டிரைவர் திரும்பி முறைத்தார். அதற்குள் அம்மாக்கள் அவர்களை இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"நீங்க அப்புறம் சண்டை போடுங்க. உரிமை எங்களுக்குன்னு போட்டிருக்குல்ல, நாங்க பேசறோம். பிள்ளைங்களை அடிக்கக் கூடாதுன்னு இருக்கே, அந்த டிரில் மாஸ்டர் எங்க?"

டிரில் மாஸ்டர் சுவரேறிக் குதித்துப் போனதாகப் பிறகு தெரிந்தது. அவர் அவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கி யாரும் பார்த்ததில்லை.

தலைமையாசிரியை எழுத்தரை அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். "படிச்சுட்டாங்க!" என்றார். "எல்லாரும் படிச்சுட்டாங்க!"

"மாத்திடறேன் டீச்சர்."

"நானே சொல்றேன். அப்பா, அம்மா, பாதுகாவலர் எல்லாரும் அடங்குற மாதிரி, 'வளர்ப்பவர்'னு போடுங்க. யாரும் சண்டைக்கு வர முடியாது."

"அப்படியே அந்தக் கடைக்காரம்மாவை..."

"அவங்களை வெளிய அனுப்புங்க!"

கடைக்காரம்மா அப்போது ஏழாம் வகுப்பில் பின்னக் கணக்கில் மூழ்கியிருந்தார். எழுத்தர் வாசலில் நின்று கை காட்டினார். "அக்கா, இனிமே வராதீங்க. பேரம் ஒரு நாளைக்குத்தான்."

"நேத்திக்கு ஒருநாள் முடிஞ்சுது. இன்னிக்கு இன்னொரு ஒருநாள்."

"அக்கா, என் வேலை போயிடும். எழுந்திருங்க."

கடைக்காரம்மா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தார். கோபம் தெரியவில்லை. ஆனால் வாசலில் நின்று கரும்பலகையை ஒரு பார்வை பார்த்தார். பாதியில் நின்ற கணக்கு அங்கே இருந்தது.

"போகட்டும் தம்பி. சரக்கைக் காட்டிட்டு மூடுறது வியாபாரத்துக்கு ஆகாது" என்றார்.

எழுத்தருக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தப்பட அவருக்கு நேரமில்லை. 'வளர்ப்பவர்' அச்சுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பொழுது விடிந்தபோது வாசலில் சித்திகள், மாமாக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். மாலை டியூஷன் எடுக்கும் அக்கா எல்லாருக்கும் முன்னால் நின்றார். "ஸ்கூல் விட்டதிலேருந்து தூங்கப் போற வரைக்கும் என்கிட்டதான் கிடக்குதுங்க. மூக்கு துடைக்கிறதுலேருந்து நான்தான் வளக்கிறேன். எனக்கு உரிமை இல்லன்னா யாருக்கு?"

ஒருவர் நாயோடு வந்திருந்தார்.

"இது எதுக்குங்க?" என்றார் எழுத்தர்.

"வளர்ப்பவர்னு போட்டிருந்துச்சே?"

"நாய் இந்தப் பள்ளிக்கூடத்துலயா படிக்குது?"

"தினம் எதிர்வீட்டுப் பையன் பின்னாலேயே வந்து வாசல்ல நாள் பூரா உக்காந்திருக்கு. வருகைப் பதிவு பாருங்க, பாதிப் பசங்களைவிட ஒழுங்கா வந்திருக்கும்."

எழுத்தர் உள்ளே ஓடினார். தண்ணீர் குடித்தார். வெளியே ஓடி வந்து எல்லாரையும் கும்பிட்டு அனுப்பினார். மறுபடி உள்ளே ஓடி, யாரையும் கேட்காமல், கடைசித் தாளை அச்சடித்தார். இந்தமுறை ஒரே சொல்: 'பொறுப்பாளர் கையொப்பம்.'

கொடுத்தனுப்பினார். காத்திருந்தார்.

வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை.

மத்தியானம் தாள்கள் திரும்பி வந்தன. எதிலும் கையெழுத்து இல்லை. அப்பாவிடம் கேட்டால் அம்மாவிடம் போ என்றாராம். அம்மா டியூஷன் அக்காவைக் காட்டினாளாம். டியூஷன் அக்கா பள்ளிக்கூடத்தில்தான் பொறுப்பு என்று திருப்பி அனுப்பினாராம். நாய்க்காரர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

தலைமையாசிரியை வெறிச்சோடிய வாசலைப் பார்த்துப் பூரித்துப் போனார். "என்ன ஒரு அருமையான வார்த்தை! முதல்லயே ஏன் தோணல உங்களுக்கு?"

பியூன் தலையைச் சொறிந்தார். "அது சரி டீச்சர். நாளைக்கு ஆபீசர் வந்து, உரிமை தெரிஞ்ச ஒருத்தரைக் காட்டுன்னு சொன்னா யாரைக் காட்டுறது?"

பூரிப்பு அப்படியே நின்றது. உத்தரவின் கடைசி வரி அதுதான்: தம் உரிமைகளைத் தம் சொந்த வார்த்தையில் சொல்லக்கூடிய ஒருவரையாவது அதிகாரிமுன் நிறுத்த வேண்டும்.

எழுத்தரும் தலைமையாசிரியையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவர் நினைவிலும் ஒரே பென்சில் வந்தது.

"சார், அந்த அக்கா பையன் விஷயம்..." என்று ஆரம்பித்தார் பியூன்.

"வாயை மூடு" என்றார்கள் இருவரும்.

*

கடையில் கூட்டமில்லை. கடைக்காரம்மா சோப்புக் கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அக்கா..."

"என்ன வேணும்? உப்பா, புளியா?"

"நாளைக்கு நீங்க வரணும்."

"விரட்டினப்ப ஒரு விலை. தேடி வந்தப்ப ஒரு விலை. தெரியும்ல?"

"சொல்லுங்கக்கா."

"பரீட்சை வரைக்கும் ஏழாம் வகுப்புக் கடைசி பெஞ்ச். மின்விசிறிக்குக் கீழ. வாத்தியார் எனக்குப் புரியிற வரைக்கும் சொல்லணும். மூஞ்சியைச் சுளிக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு விடைத்தாள்."

"சரிக்கா."

"இவ்வளவு சுலபமா சரின்னு சொன்னா நான் கம்மியா கேட்டுட்டேன்னு அர்த்தம். போகட்டும். மூணு மணிக்குள்ள முடிச்சுடணும். வேன் வந்துடும்."

"நாளைக்கு ஒருநாள் வேனைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்களேன்."

"அவன் நிக்க மாட்டான் தம்பி. ரொம்பக் கறாரு."

*

அதிகாரி காலையில் வருவதாகச் சொல்லி மத்தியானம் தாண்டி வந்தார். மெலிந்த, எதற்கும் அசையாத மனிதர். தலைமையாசிரியையின் வரவேற்புரையைக் கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்டார். எழுத்தர் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"எல்லாம் சரி" என்றார் அதிகாரி. "பெத்தவங்க யாராவது ஒருத்தர் எழுந்து சொல்லட்டும். என்னென்ன உரிமை?"

கடைக்காரம்மா எழுந்தார். தாள் எதுவும் கையில் இல்லை.

"கடைக்குச் சரக்கு வாங்கறது மாதிரிதான் சார். மூட்டையைப் பிரிச்சுப் பாக்கணும். அது விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாக்கறது. எடை போடறப்ப கிட்ட நிக்கணும். அது வகுப்புல உக்காந்து பாக்கறது. கேட்டா விலையைச் சொல்லணும், மூஞ்சியைத் திருப்பக் கூடாது. அது கேள்விக்குப் பதில். சரக்கைப் போட்டு உடைக்கக் கூடாது. அது பிள்ளைங்களை அடிக்கக் கூடாதுங்கறது. திருப்பி அனுப்பினா ஏன் அனுப்புறேன்னு காரணம் சொல்லணும். பிள்ளையை வெளிய அனுப்பினாலும் அப்படித்தான்."

அதிகாரி கடிகாரத்தை மறந்துவிட்டார். "இதெல்லாம் நிஜமா நடக்குதா இங்க?"

"நான் உக்காந்திருக்கேன் சார். வாத்தியாரைக் கேட்டுப் பாருங்க."

கணக்கு வாத்தியார் மேலும் கீழுமாகத் தலையாட்டினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"என் சர்வீஸ்ல இப்படி ஒரு பெற்றோரைப் பாத்ததில்ல" என்றார் அதிகாரி. நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார். "இவ்வளவு பொறுப்பா யாரு இருக்காங்க? இந்தப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவுக்கு நீங்கதான் தலைவர். இதை ஏற்பாடு பண்ணின எழுத்தர் யாரு?"

எழுத்தர் முன்னால் வந்தார். கால் தரையில் படவில்லை.

"நிரந்தரமா?"

"இன்னும் இல்லைங்க சார்."

"இப்ப ஆகிடுவீங்க." அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார். எழுத்தர் மனதில் அலமாரிக் கதவு நேராக நின்றது, குழாய் அடைபட்டது, ஒரு தொட்டில் ஆடியது. பேனா முனை தாளைத் தொட்டது.

வெளியே ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது.

மஞ்சள் வேன் ஒன்று வாசலை மறித்து நின்றது. அதன் பக்கவாட்டில் ஏதோ ஒரு பள்ளியின் பெயர், இந்தப் பள்ளியின் பெயர் இல்லை, பெரிய எழுத்தில் பளபளத்தது. டிரைவர் ஒரு பையனைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். பையன் கழுத்தில் டை. காலில் கண்ணாடி போன்ற ஷூ.

"அக்கா, உங்களை எங்கெல்லாம் தேடறது? கடையும் பூட்டு, வீடும் பூட்டு. பையனை எங்க எறக்கி விடச் சொல்றீங்க?"

எழுத்தர் பியூனைப் பார்த்தார். பியூன் கூரையைப் பார்த்தார்.

அதிகாரியின் பேனா அந்தரத்தில் நின்றது. "இந்தம்மா பையன் இந்தப் பள்ளிக்கூடத்துல படிக்கலையா?"

டிரைவர் சிரித்தார்.

"என்ன சார் நீங்க, எங்க ஸ்கூல்ல ஃபீஸ் கட்டுறதோட சரி, பெத்தவங்க கேட்டைத் தாண்டி ஒரு வார்த்தை கேக்க முடியாது, அதான் அக்கா கேக்க வேண்டியதையெல்லாம் இங்க வந்து கேட்டுக்குது."